பிதுக்குற கைக்கும் ஒரு கிண்ணம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. கிரிவலப் பாதையில நின்னு "சூடா சுண்டல், சூடா கிழங்கு"ன்னு கூவித்தான் பழக்கம். போன கூட்டத்துல தலைவி அக்கா, "பனிக்காலத்துக் காய்கறி, பழம் பத்தி நீயே பேசு. உனக்குத்தானே அதுல வியாபாரம்"னு சொன்னாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன். வீட்டுக்குப் போய் யோசிச்சப்பதான் தெரிஞ்சுது, இந்தப் பேச்சுல சமையல் குறிப்பு பாதி, என் கதை பாதி வரப்போகுதுன்னு. பொறுத்துக்கணும்.

நான் குழுவுல சேர்ந்து 9 வருஷம் ஆகுது. முதல் உள்கடன் 10,000 ரூபா வாங்கித்தான் தள்ளுவண்டி போட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் பாதையும் ஜனமா இருக்கும். ராத்திரி பனியில நடக்கிறவங்களுக்குச் சூடா ஏதாவது வேணும். கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் என் வண்டியில மூணு சரக்குதான். அவிச்ச மல்லாட்டை, வேக வெச்ச சக்கரவள்ளிக் கிழங்கு, மொச்சைச் சுண்டல். நல்ல சரக்கு, நல்ல வியாபாரம். கடனை ஒரு தவணை தவறாம கட்டினேன். தீர்மானப் புத்தகத்தைப் பாருங்க, என் பேருக்கு நேரா ஒரு சிவப்புக் கோடு இருக்காது.

ஆனா உடம்புக்கு ஒரு தவணைப் புத்தகம் இருந்திருந்தா, அதுல எல்லாமே சிவப்புக் கோடுதான்.

தீபத்தன்னைக்கு விழுந்தேன்

மூணு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகை தீபம். விடியக்காலை 2 மணிக்கு எழுந்து மொச்சை வேக வெச்சேன். தீபம் பார்க்கிற வரைக்கும் விரதம். அதுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டேன்னு கேட்டா, சாதம், ரசம், ஊறுகாய். அதுக்கும் முந்தின நாள் அதேதான். சாயந்திரம் 6 மணிக்கு மலை உச்சியில தீபம் தெரிஞ்சுது. எல்லாரும் அரோகரா சொன்னாங்க. நானும் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணு இருட்டி அடுப்புப் பக்கத்துலயே விழுந்துட்டேன். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா கொதிக்கிற குண்டான் மேல விழுந்திருப்பேன்.

சாமி மேல குத்தம் சொல்லல. ஒரு நாள் விரதத்தால மட்டும் நான் விழல. நான் வருஷக்கணக்கா அரை வயிறு. ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் 8.1. பொம்பளைக்குக் குறைஞ்சது 12 இருக்கணுமாம். நர்ஸம்மா கேட்டாங்க:

"என்ன வேலை பண்றீங்க?"

"மொச்சைச் சுண்டல், கிழங்கு, மல்லாட்டை விக்கிறேங்க."

"நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ரசஞ்சாதம்."

"விக்கிறதுல ஒரு கைப்பிடி வாயில போட்டுக்கக் கூடாதா?"

"அது முதல் போட்ட சரக்குங்க."

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. திட்டல. "உங்க உடம்புதாங்க முதல். மத்ததெல்லாம் சரக்கு"ன்னாங்க. அதுக்கு அப்புறம் என் பொண்ணுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னாங்க. அவளுக்கு அப்ப 14 வயசு. 10.4. எனக்கு 8.1-ன்னு சொன்னப்ப எனக்கு அழுகை வரல. அவளுக்கு 10.4-ன்னு சொன்னப்ப வந்துச்சு. நான் அரை வயிறு சாப்பிட்டதைப் பார்த்துத்தானே அவளும் கத்துக்கிட்டா?

இது என் ஒருத்தி கதை இல்லைங்க. 2019-ல இருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள்ல 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தல்ல உங்க இடது பக்கம் ஒருத்தரைப் பாருங்க, வலது பக்கம் ஒருத்தரைப் பாருங்க. கணக்கு அப்படித்தான் வருது.

இன்னொரு கணக்கும் சொல்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல சொன்னது இது. ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு இரும்புச்சத்து 19 மில்லிகிராம் வேணும். மாசாமாசம் ரத்தம் போற பொம்பளைக்கு 29 மில்லிகிராம் வேணும். யாருக்கு அதிகம் வேணும்? நமக்கு. வீட்டுல யார் தட்டுல காய் கம்மி? நம்ம தட்டுல. கடைசியா உட்கார்ந்து, சட்டியை வழிச்சு, அடிக்குழம்பை ஊத்திக்கிட்டு எழுந்திருக்கிறவங்க யாருன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க, குடற்புழு மாத்திரையும் கொடுத்தாங்க. அதை விடாம சாப்பிட்டேன். இதை அழுத்தமா சொல்றேன், ஏன்னா நாளைக்கு யாரும் "அவ மொச்சை தின்னே சரியாயிட்டா"ன்னு சொல்லிட்டு மாத்திரையைக் குப்பையில போட்டுறக் கூடாது. ரத்தம் ரொம்பக் குறைஞ்சா சாப்பாடு மட்டும் பத்தாது. மாதவிடாய் அதிகமா போனா டாக்டரைப் பார்க்கணும். ஆனா மாத்திரையில ஏறின ரத்தம் மறுபடி இறங்காம இருக்கணும்னா, தட்டு மாறணும்.

வரவு செலவு

நாம குழுக்காரங்க. எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தாதான் மனசு ஒத்துக்கும். நான் போட்ட கணக்கு இது.

விழுந்ததுக்கு அப்புறம் 11 நாள் வண்டி தள்ள முடியல. ஆட்டோ, டெஸ்ட், அடுப்பு பத்த வைக்க முடியாம கடையில வாங்கின சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,300 ரூபா. போன வியாபாரம் ஒரு 6,000 ரூபா இருக்கும். குழுவுல 5,000 ரூபா உள்கடன் எடுத்தேன். இப்போ அந்தப் பக்கம் பாருங்க. தினம் ஒரு கைப்பிடி மொச்சை எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தா, விலை 5 ரூபா. மாசத்துக்கு 150. கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் நாலு மாசத்துக்கு 600 ரூபா. 600 ரூபாயை மிச்சம் பிடிச்சு 8,300 ரூபாயை விட்டேன்.

1989-ல பக்கத்து தர்மபுரியில முதல் மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம்தான் வட ஆற்காட்டுல இருந்து பிரிஞ்சு நம்ம திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு. அன்னையில இருந்து சேமிப்பு, சேமிப்புன்னு சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்தாங்க. பணத்தைச் சேமிக்கக் கத்துக்கிட்டோம். உடம்பைச் சேமிக்க இன்னும் கத்துக்கல.

பனிக்காலம் ஏன் நம்ம காலம்?

2024-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு வழிகாட்டி போட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம். முதல்ல கேட்டப்ப சிரிச்சுட்டேன். எங்க வீட்டுல அஞ்சு பேர். அப்ப தினம் 2 கிலோ காய், அரை கிலோ பழம். ஐப்பசி அடைமழையில தக்காளி விக்கிற விலைக்கு யார் வாங்குறது?

ஆனா மழை விட்டு பனி விழ ஆரம்பிச்சா நிலைமை வேற. மார்கழி, தை, மாசி மூணு மாசமும் நம்ம பக்கத்துக் கொல்லையில, வேலியில, ஏரிக்கரை நிலத்துல காய் கொட்டிக் கிடக்கும். உழவர் சந்தையில சாயந்திரம் விலை இன்னும் இறங்கும். வருஷம் முழுக்க 400 கிராம் நம்மால முடியாது. இந்த மூணு மாசம் முடியும். முடியுற மாசத்துலயும் நாம சாப்பிடலைன்னா எப்பதான் சாப்பிடப் போறோம்?

அவரைக் கொடியைப் பாருங்க. ஆடியில விதை போடுறோம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாம் பந்தல் முழுக்க இலையா பரவும், ஒரு பூ இருக்காது. "இது காய்க்காத கொடி போல"ன்னு கூட நினைப்போம். நாட்டு அவரைக்கும் மொச்சைக்கும் பகல் பொழுது குறையணும். கார்த்திகையில பொழுது சீக்கிரம் சாயுது பாருங்க, அதைப் பார்த்துத்தான் அது பூக்கும். இப்போ எப்ப வேணும்னாலும் காய்க்கிற குட்டை ரகமும் வந்திருக்கு. ஆனா பனியில காய்ச்ச நாட்டு அவரையோட ருசி அதுல இல்லைன்னு என் நாக்கு சொல்லுது.

என்னென்ன, எப்படி?

மழை ஓய்ஞ்ச உடனே முதல்ல வர்றது கீரை. யாரும் விதைக்காம வரப்புல தானா முளைக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை. அம்மா காலத்துல களை எடுக்கப் போன மடியிலயே இதைக் கொண்டு வருவாங்க. மருந்தடிச்ச நிலத்துல பறிக்காதீங்க, ரோட்டோரத்துல பறிக்காதீங்க. மூணு தண்ணி அலசுங்க. கிடைச்ச கீரை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, நாலு பல் பூண்டு, ரெண்டு மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி வெச்சு மண்சட்டியில வேக வெச்சு, மத்தால கடைஞ்சு, தாளிப்பு வடகம் போட்டுத் தாளிச்சா, கேழ்வரகு களிக்கு அதைவிட வேற குழம்பு வேணாம்.

அடுத்தது பூசணி. மார்கழி முழுக்க வாசல் கோலத்துல சாணிப் பிள்ளையார் தலையில பூசணிப்பூ வைக்கிறோம். அந்தக் கொடியிலயே காய் வந்து நிக்கும். பூசணியும் காராமணியும் போட்ட குழம்பு எல்லாருக்கும் தெரியும். மஞ்சளா பழுத்த பூசணியில கண்ணுக்கு நல்ல சத்து இருக்கு. கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தாதான் அது உடம்புல ஒட்டும். அதனால வெறும் தண்ணியில வேக வெச்சு விடாதீங்க, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்ல வதக்குங்க.

முள்ளங்கி வாங்குறப்போ கடைக்காரர் "இலையைக் கிள்ளிடட்டுமா?"ன்னு கேட்பார். வேணாம்னு சொல்லுங்க. முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை எல்லாமே கீரைதான். காசு கொடுத்து வாங்கின சரக்குல பாதியை மாட்டுக்குப் போட்டுட்டு வர்றோம். பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் பண்ணிப் பாருங்க.

சக்கரவள்ளிக் கிழங்கை ஆவியில வேக வெச்சு அப்படியே பிள்ளைங்க கையில கொடுங்க. பாக்கெட் தீனிக்குக் கொடுக்கிற 10 ரூபாயைவிட இது வயித்துல நிக்கும். சர்க்கரை நோய் இருக்கிறவங்க ஒரு சின்னத் துண்டோட நிறுத்திக்கோங்க.

மார்கழித் திருவாதிரைக்கு நம்ம ஊர்ல களியும் கூட்டும் பண்றோம். ஏழு காய் போட்டுக் கூட்டு. பூசணி, அவரை, மொச்சை, கத்தரி, வாழைக்காய், சக்கரவள்ளி, சேப்பங்கிழங்கு. சேப்பங்கிழங்கைத் தனியா வேக வெச்சு உரிச்சுக்கோங்க. துவரம்பருப்பு வேக வெச்சு, தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, தேங்காய் வறுத்து அரைச்சு, கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தினா போதும். யோசிச்சுப் பாருங்க, அந்த ஏழும் அந்த மாசத்துல சுலபமாக் கிடைக்கிற காய். வருஷத்துல ஒரு நாள் சாமிக்குப் படைக்கிறதை வாரத்துல ஒரு நாள் நமக்குப் படைச்சா என்ன? பொங்கலன்னைக்கு வைக்கிற பல காய்க் குழம்பும் இதே வழிதான்.

பழத்துக்கு வருவோம். யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா ஆப்பிள் வாங்கிட்டுப் போறோம். காஷ்மீர், இமாச்சல்ல இருந்து லாரியில வர்ற பழம். நம்ம ஊர் கொய்யாவுல இருக்கிற வைட்டமின் சி ஆப்பிளைவிடப் பல மடங்கு அதிகம். நெல்லிக்காயில அதைவிடவும் அதிகம். இந்த வைட்டமின் சி-க்கு ஒரு வேலை இருக்கு. கீரை, பயறுல இருக்கிற இரும்பை உடம்பு சுலபத்துல எடுத்துக்காது. கூட நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தா நல்லா எடுத்துக்கும். அதனால மொச்சைக் குழம்பு சாப்பிடுற அன்னைக்கு அரை நெல்லிக்காயை உப்புத் தொட்டுக் கடிச்சுக்கோங்க. அதுக்கு நேர் எதிரி டீ. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்த இரும்பைப் போக விடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. பரண் மேல கிடக்கிற பாட்டியோட இரும்புச் சட்டியையும் இறக்குங்க. புளிக்குழம்பு அதுல கொதிச்சா கொஞ்சம் இரும்பு குழம்புலயும் இறங்கும். வெந்ததும் வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க.

பிதுக்குப் பருப்பு

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் பிறந்தவங்களுக்கு மார்கழி, தைன்னா பிதுக்குப் பருப்புதான். வேற ஊர்ல இருந்து மருமகளா வந்திருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். பச்சை மொச்சையை உரிச்சு, கொட்டையை ராத்திரி தண்ணியில போட்டுடணும். காலையில உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினா, தோலை விட்டுப் பருப்பு துள்ளி வெளியே விழும். ஒரு கிலோ கொட்டை பிதுக்கணும்னா தெருவுல நாலு பேர் சேர்ந்து உட்காரணும். விரல் நுனி எல்லாம் ஊறிச் சுருங்கிடும். தோலு ஆட்டுக்கு.

குழம்புக்கு சோம்பு, பட்டை தாளிச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, ரெண்டு கத்தரிக்காய் நறுக்கிப் போட்டு, குழம்பு மிளகாய்த்தூள், உப்பு, பருப்பு போட்டுத் தண்ணி ஊத்துங்க. பருப்பு மலர்ந்து வெந்ததும் அரைச்ச தேங்காயை விட்டு ஒரு கொதி, கொத்தமல்லி தூவி இறக்குங்க. இட்லி, களி, சாதம் எல்லாத்துக்கும் ஆகும். தை கடைசியில கொட்டை முத்திடும். முத்திக் காய்ஞ்ச மொச்சைக்கு வேற முறை. ராத்திரி முழுக்க ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில நல்லா குழைய வேக வைக்கணும். அரைவேக்காட்டு மொச்சை உடம்புக்கு ஆகாது. வேக வெச்சதைக் கருவாடு போட்டுக் குழம்பு வெச்சா, அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களும் எட்டிப் பார்ப்பாங்க.

நான் விழுந்த வருஷத்துத் தையில, நானும் என் மாமியாரும் திண்ணையில உட்கார்ந்து பிதுக்கிட்டு இருந்தோம். நான் சொன்னேன், "அத்தை, நர்ஸம்மா என்னைப் பருப்பு, காய் எல்லாம் சாப்பிடச் சொன்னாங்க. எனக்கும் பொண்ணுக்கும் கொஞ்சம் எடுத்து வெச்சுட்டு மத்தவங்களுக்குப் போடலாமா?" திட்டு விழும்னு நினைச்சுத்தான் கேட்டேன்.

அவங்க கொஞ்ச நேரம் பேசல. கை மட்டும் பிதுக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சொன்னாங்க, "நான் இந்த வீட்டுக்கு வந்து நாப்பது வருஷமா பிதுக்குறேம்மா. மாமனாருக்கு, கொழுந்தனாருக்கு, உன் மாமனாருக்கு, பசங்களுக்குன்னு போட்டு முடிச்சா, சட்டியில குழம்புதான் இருக்கும். பருப்பு எனக்கு வந்ததே இல்ல. பிதுக்குறப்போ உடைஞ்ச பருப்பு ஒண்ணு ரெண்டு பச்சையா வாயில போட்டிருப்பேன். அவ்வளவுதான்."

எனக்குப் பேச்சு வரல. நாப்பது தை. எத்தனை மூட்டை மொச்சை அந்த விரல்ல பிதுங்கியிருக்கும்!

அன்னைக்கு மத்தியானம் அவங்களே மூணு எவர்சில்வர் கிண்ணம் எடுத்தாங்க. கரண்டியை அடி வரைக்கும் விட்டுப் பருப்பா அள்ளி, முதல் கிண்ணம் பேத்திக்கு, ரெண்டாவது எனக்கு, மூணாவது அவங்களுக்கு. எங்க வீட்டுக்காரர் வந்து தட்டு முன்னாடி உட்கார்ந்து, மூணு கிண்ணத்தையும் பார்த்துட்டு, "எனக்கு?"ன்னார். அத்தை சொன்னாங்க, "சட்டியில இருக்குது, போட்டுக்கோ." அவரும் போட்டுக்கிட்டார். வானம் இடிஞ்சு விழலைங்க. அடுத்த நாள் கால் கிலோ மொச்சை அதிகமா வாங்கிட்டு வந்தார், அவ்வளவுதான் நடந்துச்சு.

அந்த மூணு கிண்ணம் இன்னைக்கும் எங்க வீட்டுல தனி. முதல்ல அதுல போட்டுட்டுத்தான் பரிமாறுறது. மாத்திரையும் சாப்பாடுமா எனக்கு இப்போ 11.8. இன்னும் 12 வரல. வரும். பொண்ணு 12-ஐத் தாண்டிட்டா.

மழைக்கும் வெயிலுக்கும் எடுத்து வைக்கிறது

2024-ல ஃபெஞ்சல் புயல் நம்ம யாருக்கும் மறக்காது. டிசம்பர் 1-ம் தேதி மலையில மண் சரிஞ்சு, வ.உ.சி. நகர்ல ஒரே வீட்டுக்குள்ள 7 பேரைப் பறி கொடுத்தோம். அதுல 5 பேர் பிள்ளைங்க. அந்தத் துக்கத்துக்கு நடுவுல காய்கறியைப் பத்தி யாரும் பேசல. ஆனா உயிரோட இருந்த பிள்ளைங்களுக்குச் சோறு போட வேண்டியிருந்துச்சு. எங்க தெருவுக்கு நாலு நாள் காய் வண்டி வரல. எங்க வீட்டுல போன மாசியில காய வெச்ச அவரை வத்தலும் காய்ஞ்ச மொச்சையும் டப்பாவுல இருந்துச்சு. நாலு நாளும் அதுதான் குழம்பு, அக்கம்பக்கத்துக்கும் அதுதான்.

அதனால விலை இறங்குற தை, மாசியில கொஞ்சம் எடுத்து வைங்க. அவரைக்காயைக் கீறி, உப்புத் தண்ணியில அரைவேக்காடா எடுத்து, மூணு நாலு நாள் நல்ல வெயில்ல காய வைங்க. முருங்கைக்கீரையை நிழல்ல உலர்த்திப் பொடி பண்ணி வைங்க. நெல்லிக்காயை உப்புத் தண்ணியில ஊறப் போடுங்க. முதல் காய்ப்புல நல்ல காயா நாலு கொடியிலயே முத்த விட்டு, விதைக்கு எடுத்து, செம்மண் பூசிக் காய வைங்க, வண்டு வராது. அடுத்த ஆடிக்குக் கடையில விதை வாங்க வேண்டாம்.

நாம போடுற தீர்மானம்

நம்மள்ல எத்தனையோ பேர் 2022-ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சமைக்கிறீங்க. விடியறதுக்குள்ள போய் காய் நறுக்கி, கிச்சடியும் சாம்பாரும் பண்றீங்க. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டு வகுப்புக்குப் போயிடுது. உங்களை ஒண்ணு கேக்குறேன். நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? என்ன சாப்பிடுறீங்க?

கூட்டம் முடிஞ்சதும் கைதட்டிட்டுப் போயிடக் கூடாது. நாம குழுக்காரங்க, தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டாதான் நமக்கு அது நிஜம். எங்க குழுவுல போன வருஷம் மூணு தீர்மானம் போட்டோம். உங்க குழுவுலயும் போடச் சொல்லிக் கேட்டுக்குறேன்.

ஒண்ணு, ஆடி மாசக் கூட்டத்துக்கு ஒவ்வொருத்தரும் ஒரு கைப்பிடி விதை கொண்டு வரணும். அவரை, மொச்சை, பூசணி, எது இருக்கோ அது. மாத்திக்கணும். இடம் இல்லாதவங்க ஒரு சாக்குல மண்ணு போட்டு ஒரு அவரைக் கொடியை மாடிக்கோ கூரைக்கோ ஏத்தி விடலாம்.

ரெண்டு, மார்கழி, தை, மாசியில நாலு வீடு சேர்ந்து மொத்தமா காய் வாங்கணும். விளைவிக்கிற நம்ம உறுப்பினர்கிட்டயே வாங்கினா, காசும் நம்ம குழுவுக்குள்ளயே சுத்தும்.

மூணு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்த்து, சேமிப்பு எழுதுற நோட்டுலயே பக்கத்துல அந்த நம்பரையும் எழுதணும். எங்க குழுவுல 12 பேர். முதல் தடவை எழுதினப்போ 7 பேர் 12-க்குக் கீழ. அந்த நோட்டைப் பார்த்து ஒரு அக்கா சொன்னாங்க, "பணத்துல பாக்கி வெச்சா வீட்டுக்கு வந்து கேக்குறோம். இதுல பாக்கி வெச்சா மட்டும் யாரும் கேக்க மாட்டேங்குறோமே?" இப்ப கேக்குறோம். கூட்டம் ஆரம்பிச்சதும் முதல் கேள்வி அதுதான். "இந்த வாரம் உன் கிண்ணத்துல என்ன?"

இன்னும் கொஞ்ச நாள்ல பனி முடிஞ்சு வெயில் ஏறிடும். மொச்சை முத்திடும், கீரை காய்ஞ்சிடும், விலை மறுபடி மேல போகும். அதுக்குள்ள இன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்குப் போற வழியில ஒரு கிலோ மொச்சைக்காய் வாங்கிட்டுப் போங்க. ராத்திரி ஊறப் போடுங்க. நாளைக்குக் குழம்பு வெச்சதும் கரண்டியை அடி வரைக்கும் விட்டு, முதல் கிண்ணம் வீட்டுல இருக்கிற பொண்ணுங்களுக்கு எடுத்து வைங்க. வீட்டுல வயசான அத்தையோ அம்மாவோ இருந்தா, அவங்க கிண்ணத்துல பருப்பு விழுந்துச்சான்னு பாருங்க. அவங்க கேக்க மாட்டாங்க. நாப்பது வருஷம் கேக்காதவங்க.

அடுத்த பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றவங்க என் வண்டிக்கு வாங்க. நான் சாப்பிட்டுட்டுத்தான் விப்பேன். நீங்க சாப்பிட்டுட்டு நடங்க.